ஒன்பதாம் மனையின் நிறம்

1

அவள் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் நிறப் புத்தகம், காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்ததால் பத்தடிக்கு அப்பால் உலகமே கலங்கல். சூரியன் இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் பதினொரு குழிகளையும் மறுபடி

[நிறுத்துகிறேன். ஓட்டத்தில் ஆரம்பித்தால் வாசகர் பக்கத்தைக் கீழே வைக்க மாட்டார் என்பது இருபது வருடத் தொடர்கதைப் புத்தி. ஆனால் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். இது என் கற்பனை இல்லை. நேற்றுச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொல்லக் கேட்டது. யார் என்று கடைசியில் சொல்கிறேன். அதுவும் தொடர்கதைப் புத்திதான்.]

2

அவள் ஈரநில ஆய்வாளர். வீட்டுமனை போடுவதற்கு முன்னால், எதுவரை சதுப்பு, எங்கிருந்து தரை என்று ரோஸ் நிறக் கொடி நட்டுக் காட்டுவது அவள் தொழில். கொடிக்கு அந்தப் பக்கம் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது. சட்டம்.

கோரையும் சம்பும் வளர்ந்திருந்தால் சதுப்பு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். இங்கே மனை விற்கும் மேனேஜர் அதற்கெல்லாம் முந்திக்கொண்டு மொத்த இடத்தையும் மழுங்கச் சிரைத்து வைத்திருந்தார். மிச்சமிருந்த ஒரே சாட்சி மண். காற்றோட்டமுள்ள மண் பழுப்பாக இருக்கும். தண்ணீரில் மூச்சு முட்டிக் கிடந்த மண் சாம்பலாக இருக்கும். முழங்கை ஆழம் தோண்டி, ஒரு கட்டி எடுத்து, நல்ல வெயிலில், புத்தகத்தில் ஒட்டியிருக்கும் நிறச் சதுரங்களோடு ஒப்பிட வேண்டும்.

நியாயமாக, முதல் குழியிலேயே ஓர் எலும்புக்கை கிடைத்திருக்க வேண்டும். எழுதியும் பார்த்தேன்: ‘மண்வெட்டி எதிலோ நங்கென்று மோதியது. அவள் குனிந்தாள். ஐந்து விரல்கள்...’

இல்லை. கிடைத்தது ஒரு தவளை. அதுவும் உயிரோடு.

3

நேற்றுக் காலை பதினொரு குழியிலும் அவள் பழுப்பு என்றுதான் எழுதினாள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். மூன்று மணிக்கு அலுவலகம் திரும்பி, ஜன்னலோரம் மாதிரிப் பைகளைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உடன் இருந்தவர் கடப்பாரை அண்ணன். குழி தோண்டுபவர், வண்டியும் அவரே ஓட்டுவார்.

“அண்ணே, இது எந்தக் குழி?”

“ஒன்பதாம் மனை. பையிலயே எழுதியிருக்கேனே. என் கையெழுத்து அவ்ளோ மோசமா?”

“காலையில பழுப்புன்னு எழுதினேன். இப்ப சாம்பலா இருக்கு.”

“காத்துப் பட்டு மாறியிருக்கும்.”

“காத்துப் பட்டா சாம்பல்தான் பழுப்பாகும். பழுப்பு சாம்பலாகாது, அண்ணே.”

அண்ணன் தலையைச் சொறிந்தார். “மண்ணு மாறலைன்னா, பாத்த கண்ணுதான் மாறியிருக்கணும்.”

“என்னது?”

“இல்ல மேடம், காலையில வெயில்ல உங்க கண்ணாடி காபி கலர்ல இருந்துச்சு. இப்ப பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. ஸ்டைலுக்கு ரெண்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

“அதை அப்பவே சொல்லக் கூடாதா?”

“சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். கிளாமரா இருந்தீங்க. நமக்கெதுக்கு வம்புன்னு மூடிக்கிட்டேன்.”

வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி! கலர்க் கண்ணாடி போட்டு மண் பார்க்காதே என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவள் போட்டதே தெரியாமல் போட்டிருக்கிறாள்.*

* புருஷனைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. போன வாரம் பழைய கண்ணாடிமேல் உட்கார்ந்து நொறுக்கியவன் அவன்தான். நாளெல்லாம் வெயிலில் நிற்பவள் ஆயிற்றே என்று, பரிகாரமாக இதை வாங்கி நேற்றுக் காலை நீட்டினான். கறுக்கும் என்று சொல்லவில்லை. சொல்லாமல் வாங்கி வந்து அசத்துவது அவன் வியாதி. மற்றபடி நல்ல மனுஷன். கதைக்கு அவ்வளவாகத் தேவைப்படாதவன். மேலே போவோம்.

4

அப்படித்தான் அந்த ஓட்டம். கிட்டத்தில் பார்க்க அவளுக்குக் கண்ணாடி வேண்டாம்; மண் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த குழி எங்கே என்பதுதான் தெரியவில்லை.

“நேரா வாங்க. நேரான்னா நேரா! அது நான் இல்ல மேடம், கம்பம்!”

நடுவில் மேனேஜர் போன். “காலையிலயே முடிஞ்சிருச்சே மேடம், மறுபடி எதுக்கு?”

“என் தப்பு சார். கண்ணாடி.”

“கண்ணாடிக்கும் களிமண்ணுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?”

“நாளைக்கு பத்து மணிக்கு ரிப்போர்ட்ல படிங்க சார்.”

எட்டுக் குழிகளில் பழுப்பு பழுப்பாகவே இருந்தது. ஏழாவதும் எட்டாவதும் சாம்பல். கடைசி வெயிலில் ஒன்பதாவது. கட்டியைப் பிட்டாள். சாம்பல், நடுவே வேர் போன தடமெல்லாம் துருச் சிவப்பு. தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தின் கைரேகை அது.

“இது விலை போயிடுச்சு மேடம். பலகை வச்சிருக்கு, பாருங்க.”

“எனக்குப் பலகையே தெரியலை. யாராம்?”

“எந்தப் புண்ணியவானோ. வீடு கட்டியிருந்தா ஹால்லயே நீச்சல் பழகியிருக்கலாம்.”

அவள் சிரித்துக்கொண்டே ரோஸ் கொடியை மனைக்கு இந்தப் பக்கம் நட்டாள். ஒன்பதாம் மனை முழுக்கத் தவளைக்கு.

5

முடிவுகள்.

முதல் முடிவு: ‘ஒன்பதாம் குழியின் மண் பழுப்பாகவே’ [அடித்துவிட்டேன். மேட்டிலும் பள்ளத்திலும் தடுக்கி விழுந்து அவள் பார்த்த நிறத்தை, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் மாற்றினால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு முறை மாற்றிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.]

இரண்டாவது: அறிக்கை போகிறது, அதிகாரி பாராட்டுகிறார், தவளைகள் கத்துகின்றன. சுபம். இதில் ஒரே ஒரு சிக்கல், அறிக்கையின் கடைசிப் பக்கம். ‘எனக்கோ என் குடும்பத்தாருக்கோ இந்த நிலத்தில் எந்தப் பங்கும் இல்லை’ என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். அது பொய் என்று பிற்பாடு தெரிந்தால் அறிக்கை செல்லாது, அவள் உரிமம் போகும், மேனேஜர் விசிலடித்துக்கொண்டே கொடிகளைப் பிடுங்குவார். பங்கு உண்டு என்றால் முன்கூட்டியே சொல்லி, கோப்பைச் சக ஆய்வாளரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் ஒருமுறை தோண்டிச் சரிபார்ப்பார், மண் தப்பிக்கும். அவளுக்கு ஒரு வருடத்துக்குக் குறையாத கிண்டல்.

மூன்றாவது முடிவை நான் எழுதப் போவதில்லை.

6

காலை மணி எட்டேகால். அந்தக் கடைசிப் பக்கம் கையெழுத்தில்லாமல் என் முழங்கைக்கு அடியில் இருக்கிறது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றுவிட்டது. “என் பேனா எங்க?” என்று ஒரு குரல்.

பேனா என்னிடம்தான் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருப்பதே அதில்தான்.

சொன்னது யார் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது நீதான். என் கதைகளுக்கெல்லாம் முதல் வாசகி. நேற்று நீ வரைபடத்தை விரித்து, “ஒன்பதாம் நம்பர் புண்ணியவான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்குப் புரையேறியது. தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்டினாய். நீ எந்த வேலையையும் கோப்பு எண்ணாகவே பேசுகிறவள். அது எந்த இடம் என்று வரைபடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கும் தெரிந்தது.

இந்தத் தாள்களை அந்தப் பக்கத்தின்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறேன். படித்துவிட்டு நீ திட்டலாம், சிரிக்கலாம், கடப்பாரை அண்ணனுக்கு போன் போட்டு என் மானத்தை வாங்கலாம். முடிவு உன்னுடையது. பேனாவையும் மேலேயே வைத்திருக்கிறேன். திறக்குமுன் ஒன்றே ஒன்று.

அடுத்த மாதம் நம் கல்யாண நாள். உன்னை அசத்தலாம் என்று நினைத்தேன். அந்தப் புண்ணியவான் நான்தான். மனை உன் பேரில் இருக்கிறது.