முதலாளி போட்ட புற்றுமண்

கார் பந்தயக் குழுவுக்கு மானேஜர் என்றால் என்ன வேலை என்று சங்கரன்கோவிலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஓட்ட ஒருத்தன், பழுது பார்க்க ஒருத்தன் இருக்கையில் குருநாதனுக்கு எதற்குச் சம்பளம் என்று ஊரே கேட்டது. அவர் சிரிப்பதோடு சரி.

ஐம்பத்தாறில் சோழவரம் பந்தயத்துக்கு, காரின் சொந்தக்காரர் ஆறுமுகச்சாமி முதலாளியே நேரில் போனார். கொடி அசைக்கக் கொஞ்ச நேரமே இருக்கையில், ஊரிலிருந்து கொண்டுவந்த கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண்ணை ஒரு கை அள்ளிப் பெட்ரோல் டாங்கில் போட்டுவிட்டார். தீராத நோயைத் தீர்க்கும் மண், காருக்கு ஆகாமலா போகும்?

டிரைவர் சண்முகையா குருநாதனிடம் வந்து தலையில் கை வைத்தான். "இஞ்சின் போச்சு அண்ணாச்சி! அவருகிட்ட யாரு போய்ச் சொல்லுதது?"

முதலாளியைக் குறை சொன்னால் குருநாதனின் வேலை போகும். சும்மா இருந்தால் கார் போகும். அவர் முதலாளியிடம் பதறியடித்து ஓடினார்.

"முதலாளி, அம்மன் மண்ணை எரிச்சுப் புகையா விடலாமா? நெத்தியில பூச வேண்டியதுல்லா!"

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எனக்குத் தோணலையே வே! சீக்கிரம் வெளிய எடும்!"

டாங்கைக் கழுவி வேறு பெட்ரோல் ஊற்றினார்கள். பெட்ரோல் நாறிய மண்ணை முதலாளி பக்தியோடு பூசிக்கொண்டார். எல்லோருக்கும் கடைசியில் கிளம்பிய கார் மூன்றாவதாக வந்தது.

"அம்மன் மகிமையைப் பாத்தீரா வே!" என்றார் முதலாளி.

"பின்ன இல்லையா!" என்றார் குருநாதன்.

சண்முகையா வாய் சும்மா இருக்குமா? ஊரில் எல்லாவற்றையும் ஊதிவிட்டான். அன்றிலிருந்து மாமியார் மருமகள் சண்டை முற்றினாலும், "மானேஜரைக் கூட்டிட்டு வாங்கடே" என்றுதான் ஆள் விடுகிறார்கள்.