எட்டு முழ வேட்டியும் ஒரே மூச்சு வசவும்

கொடியில் ஒரு வேட்டி.

வெள்ளை வேட்டி. எட்டு முழம். நீலம் போட்டு அலசி, உதறி, என் கையால் காயப் போட்டது.

மத்தியானம் போய்ப் பார்த்தால் கறுப்புப் பொட்டு. எள்ளை வாரி இறைத்த மாதிரி. தட்டினால் போகாது. தேய்த்தால் கோடாக இழுத்துக்கொள்ளும்.

வடசென்னையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு புகைக்கூண்டு. வானம் சரிந்துவிடாமல் முட்டுக் கொடுத்த மாதிரி நிற்கும். அது விடுகிற மூச்சைத்தான் நாங்கள் இழுக்கிறோம். வேட்டியில் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. நெஞ்சில் விழுவது தெரிவதில்லை.

நெஞ்சில் விழுந்தது பூங்காவனத்துக்கு.

பூங்காவனம் என் பெண்டாட்டி. கட்டி நாற்பத்தொரு வருஷம். குழாயடியில் என்னைத் திட்ட ஆரம்பித்தால் வீட்டு வாசல் வரைக்கும் ஒரே மூச்சு. நடுவில் நிறுத்தம் கிடையாது. லாரி ஓட்டினவன் சொல்கிறேன், அப்படி ஒரு எஞ்சினை நான் பார்த்ததில்லை.

இப்போது நாலு வார்த்தை. அதற்குள் கை சுவரைத் தேடுகிறது.

"யோவ்... உனக்கு இன்னா..." என்பாள். நெஞ்சு கீச்கீச்சென்று கத்தும். நான் பக்கத்தில் போய் நிற்பேன். "அறிவு கெட்டுப் பூச்சா, அதானே?" என்பேன். தலையை ஆட்டுவாள். "கட்டைல போறவனே, அதையும் சேத்துக்கவா?" அதற்கும் ஆட்டுவாள். என்னை நானே முழுசாகத் திட்டி முடித்துவிட்டு, வெந்நீர் வைத்துக் கொடுப்பேன்.

இது ஒரு குடித்தனமா?

இன்னொரு பனிக்காலத்தை இந்த நெஞ்சு இங்கே தாங்காது, மார்கழிக்கு முன்னால் ஊரை மாற்றுங்கள் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. ஐந்து டாக்டரிடம் போனேன். ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்றாம் நாள் அவள் "யோவ்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.

ஊரை மாற்ற வேண்டியதுதான்.

பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை தீனதயாளன் போனில் ஒரு பட்டியல் அனுப்பினார். நிம்மதியாக வாழ நல்ல நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் மார்க். "சுத்தத்துல ஏழாவது மாமா, நிம்மதியில பதினொண்ணாவது" என்றார். சுத்தத்தைக் கூட விடு. நிம்மதியை எவன் போய் எந்தப் படியில் அளந்தான்?

நான் நம்பவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் லாரி. எந்த ஊரும் எனக்கு அத்துப்படி என்று சவடால் விடுவேன். உட்கார்ந்து யோசித்தால், தெரிந்ததெல்லாம் ஊருக்கு வெளியே. பைபாஸ். பஞ்சர் கடை. பரோட்டா கடை. கை காட்டுகிற போலீஸ். ஊருக்குள்ளே ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குக் காதில் விழுந்த சேதி மட்டும்தான்.

அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். போகிற ஊரில் வேட்டியைத் துவைத்து ஒரு நாள் கொடியில் போடுவது. அந்த ஊர் அதன்மேல் என்ன எழுதுகிறதோ, அதைப் படிப்பது. எனக்கு அந்தப் படிப்புதான் வரும்.

இன்னொரு அளவும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பூங்காவனம் அங்கே எத்தனை வார்த்தை திட்டுகிறாள்?

சித்திரையில் கோயம்புத்தூர்.

நல்ல காற்று. நல்ல தண்ணீர். இனிக்கும் என்றார்கள். இனித்தது. அதுவே எனக்கு உறுத்தியது.

ஆட்டோக்காரர் "ஏனுங்க" என்றார். கடைக்காரர் "சொல்லுங்க" என்றார். குறுக்கே போனவனை மோதிவிட்டேன், அவன் "பாத்துப் போங்க" என்றான். எதற்கு இவ்வளவு மரியாதை? முப்பத்தெட்டு வருஷத்தில் என்னிடம் மரியாதையாகப் பேசினவன் ஒவ்வொருத்தனும் பின்னால் போய்த் தார்ப்பாயை அறுத்திருக்கிறான்.

வேட்டியில் ஒரு துளி பஞ்சு ஒட்டியிருந்தது. போதும், வா என்றேன்.

"யோவ், மரியாத குடுத்தா கூட சந்தேகமாய்யா உனக்கு, நீயெல்லாம் ஒரு..." என்றாள் பூங்காவனம். அங்கே நின்றது. எட்டு வார்த்தை. வடசென்னைக்கு இரண்டு மடங்கு. எனக்கே மனசு கொஞ்சம் ஆடியது. ஆனாலும் பஸ் ஏறிவிட்டேன்.

வைகாசியில் திருச்சி.

வேட்டி பத்து நிமிஷத்தில் காய்ந்தது. அப்பளமாகக் காய்ந்தது. மடித்தால் உடைந்துவிடும் போல இருந்தது. வீடு காட்ட வந்த ஓனர் கதவைத் திறக்குமுன் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். "லாரி ஆளுங்க" என்றேன். சாவி திரும்பச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

ஐந்து வார்த்தை. அதுவும் எனக்கில்லை, அந்த ஓனருக்கு.

வைகாசிக் கடைசியில் ஏற்காடு.

மேகம் வேட்டிக்குள் புகுந்து புகுந்து போனது. மூன்று நாள் காயவில்லை. நாலாம் நாள் கொடியில் வேட்டியே இல்லை. ஒரு குரங்கு அதைத் தலையில் சுற்றிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி. "உன்ன விட அதுக்கு எடுப்பா கீது" என்று பூங்காவனம் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை.

ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து வேட்டியை மீட்டேன். ஈரம் அவளுக்கு ஆகவில்லை. இறங்கினோம்.

மலை இறங்கும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யோவ். ஊரு தேடுறியா, குத்தம் தேடுறியா?"

அதற்கு மேல் அவளிடம் மூச்சு இல்லை.

மார்கழி அதன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

தென்காசி மாப்பிள்ளையின் பட்டியலிலேயே இல்லை. அதனால்தான் போனேன்.

ஆனி மாதம். குற்றாலத்துக்கு வந்த கூட்டத்தில் லாட்ஜ் எல்லாம் நிரம்பிவிட்டது. ஒரு தெருவில் மாடி வீடு காலியாக இருந்தது. "பத்து நாள் இருந்து பாருங்க, பிடிச்சா பேசுவோம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் வீட்டுக்காரர். என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று ஐந்து நாள் யோசித்தேன்.

ஆறாம் நாள் காலையில் வேட்டியைத் துவைத்து மொட்டை மாடியில் போட்டேன். பக்கத்து மாடி ஒட்டினாற்போல் இருந்தது. நடுவில் முழங்கால் உயரச் சுவர். அந்தச் சுவரை நான் ஒருதரம் முறைத்துப் பார்த்தேன். திருடனுக்குத் தோதான சுவர்.

இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம். வெயில் சுள்ளென்று இருந்தது. மலை நீலமாக இருந்தது. திரும்பி வந்து மாடிக்குப் போனேன்.

கொடி இருந்தது. வேட்டி இல்லை.

பக்கத்து மாடியில் ஒரு பெண். தோளில் துணிக் குவியல். குவியலின் மேல் என் வேட்டி. கதவுக்குள் நுழையப் போகிறாள்.

"திருடி! திருடி! வேட்டியத் தூக்கிக்கினு ஓடறா!" என்று கத்தினேன். தெரு முழுக்க ஜன்னல் திறந்தது.

அந்தப் பெண் திரும்பினாள். பேர் முப்பிடாதி என்று பிறகு தெரிந்தது. ஓடவில்லை. பயப்படவில்லை. "சாரல் வந்துட்டுல்லா அண்ணாச்சி, அதான் எடுத்தேன். நனைஞ்சா நாத்தம் எடுக்கும்லா" என்றாள்.

மழையாம். மண்டையைப் பிளக்கிற வெயிலில். டீக்கடையில் ஒரு துளி விழவில்லை. நான் நம்பவில்லை.

"சட்டம் பேசாத. எடுத்தியா இல்லியா?"

"எடுக்கணும்னா நல்ல வேட்டியாப் பாத்து எடுக்க மாட்டேனா அண்ணாச்சி?"

ஜன்னல்கள் எல்லாம் சிரித்தன. நான் வேட்டியைப் பார்த்தேன். வடசென்னைக் கரி. குரங்கின் கைத்தடம். நாலாக மடித்திருந்தாள்.

அப்போதுதான் நெற்றியில் ஒரு சொட்டு. அண்ணாந்து பார்த்தேன். கொடிக் கம்பி முழுக்க நீர் மணிகள். வெயில் ஒவ்வொன்றுக்குள்ளும் போய் உட்கார்ந்திருந்தது.

இந்த ஊரில் அப்படித்தானாம். மலையிலிருந்து ஒரு காற்று. காற்றின் மடியில் ஒரு தூறல். ஒரு தெருவில் பெய்யும், அடுத்த தெருவில் பெய்யாது. வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எட்டினவரைக்கும் எல்லாக் கொடியிலும் துணி எடுப்பார்கள்.

எனக்குப் பின்னால் படியில் பூங்காவனம் வந்து நின்றிருந்தாள்.

"யோவ் உனக்கு அறிவுன்னு ஒண்ணு கீதா இல்ல அதையும் எவனாச்சும் தார்ப்பாயோட அறுத்துக்கினு பூட்டானா, முன்னப்பின்ன தெரியாத ஒரு பொண்ணு மழ வருதேன்னு சுவரத் தாண்டி வந்து உன் கந்தல எடுத்து மடிச்சு வெச்சா அவளப் பாத்து திருடின்றியே உன் வாயில மண்ணப் போட, கோயம்புத்தூர்ல மரியாத குடுத்தா சந்தேகம், திருச்சியில வெயிலடிச்சா குத்தம், ஏற்காட்டுல கொரங்கு கூட உன்ன மதிச்சு வேட்டியத் திருப்பிக் குடுத்துச்சு, என் நெஞ்சு அடச்சிக்கினது அந்தப் பொகையால தானா இல்ல நாப்பத்தோரு வருசம் உன் கூட குப்ப கொட்டினதாலயான்னு அஞ்சு டாக்டர்ல ஒருத்தனாச்சும் கேட்டானா, போயி அந்தப் பொண்ணாண்ட தப்புன்னு சொல்லு, சொல்லிட்டு வேட்டிய வாங்கு, வாங்கி இடுப்புல கட்டு, இன்னாத்துக்கு மரம் மாதிரி நின்னுக்கினு பல்லக் காட்டுற..."

நடுவில் எங்காவது எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று காத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேலை வரவில்லை.

அவள் கை சுவரைத் தேடவில்லை. இடுப்பில் இருந்தது.

"யக்கா, மூச்ச விட்டுட்டுப் பேசுங்கக்கா!" என்று அந்த மாடியிலிருந்து முப்பிடாதி பதறினாள்.

பூங்காவனம் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்தத் தெருவில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அங்கே நடந்து முடிந்திருந்தது. அவள் கண்ணில் நீர். சாரல் என்று சொல்லிக்கொண்டேன்.

முப்பிடாதியிடம் தப்புன்னு சொன்னேன். வேட்டியை வாங்கினேன். கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு வசவை வைத்து ஒரு ஊரை நம்பிவிட முடியுமா? மறுநாள் அவள் காபியில் வேண்டுமென்றே உப்பைப் போட்டேன். முதல் நாளைவிட நீளம். அதற்கடுத்த நாள் அவள் செருப்பில் ஒன்றை ஒளித்து வைத்தேன். வசவு தெருமுனை வரைக்கும் வந்தது.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் அதே வீட்டில் பால் காய்ச்சினோம்.

மார்கழி வந்தது. பனி வந்தது. பூங்காவனம் அதையும் நாலு திட்டுத் திட்டினாள். போய்விட்டது.

இன்றைக்கு மறுபடி ஆனி.

முப்பிடாதி வீட்டுக்கு அடுத்த மாடிக்கு ஓசூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து மூன்று நாள் ஆகிறது. முப்பிடாதி கோயிலுக்குப் போயிருக்கிறாள். மலையிலிருந்து அந்தக் காற்று கிளம்பியது. நான் முழங்கால் வலியை மறந்து இரண்டு சுவர் தாண்டினேன். முப்பிடாதி வீட்டுப் பாவாடை, ஓசூர்க்காரர் வீட்டுச் சட்டை, போர்வை, பனியன். கைகொள்ளாமல் வாரி எடுத்துக்கொண்டு நிமிர்கிறேன்.

"யோவ் பெருசு! துணியக் கீழ வை! திருட வந்தியா?" கதவில் அந்த ஓசூர்க்காரர்.

"மழை" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். வெயில். என்னைப் பார்த்தார். நம்பவில்லை. நல்ல ஆள். எனக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் மாடிப் படியில் சத்தம். பதினெட்டுப் படி. எங்கேயும் நிற்காமல் ஏறி வருகிறாள் பூங்காவனம். வந்ததும் ஆரம்பித்தாள். முதலில் அந்த ஆளை. அப்படியே மூச்சு மாறாமல் திரும்பி என்னை. ஊரார் துணியெல்லாம் தோளில் இருக்க, எங்கள் கொடியை அவள் விரல் காட்டுகிறது.

கொடியில் ஒரு வேட்டி.

வெள்ளை வேட்டி. எட்டு முழம். வெயிலில் நனைந்து வெயிலாகவே சொட்டுகிறது.

அவள் இன்னும் முடிக்கவில்லை.