காசியம்மாள் சொல்லாத பெயர்

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. வளவன் பாதி வழியில் இறங்கி ஓடிவந்து, ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினான்.

மாமியார் காசியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவளைப் பார்க்கச் சென்னையிலிருந்து டாக்டர் வேதா வந்திருந்தார். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் என்னும் குருத்தணுக்களை எடுத்து அவருக்கே ஏற்றிப் பார்க்கும் புதுச் சிகிச்சை. மூளையில் கிளம்பிய அழற்சியை அது தணிக்கலாம், தணிக்காமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வளவன் காதில் 'தணிக்கலாம்' மட்டும்தான் நின்றது. மனைவி இறந்தபின் அவன் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதே இல்லை.

"நான் கேக்கறது புரிஞ்சு அவங்களே பதில் சொல்லணும். இல்லன்னா இந்தச் சோதனைச் சிகிச்சையில சேர்க்க முடியாது."

"கேளுங்க மேடம். கஞ்சில உப்பு கம்மின்னு நேத்து கூட என்னைத் திட்டினாங்க."

டாக்டர் குனிந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

காசியம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இடக்கையால் தாலிக்கயிற்றை இழுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"கழுத்து அரிக்குதா? சாரி, கேள்வியே புரியல இவங்களுக்கு."

வளவன் டாக்டர் முன்னால் வந்து நின்றான்.

வாசலில் நின்ற மாமனார் ஆதிமூலம் பொங்கினார். "இன்னாம்மா கேள்வி இது! கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அவ எம் பேர வாயால சொன்னதில்ல. ரேஷன் கடையிலயே பக்கத்து வூட்டு எல்லம்மாதான் சொல்லும்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "அட, எனக்குத் தோணலயே! சரி பெரியவரே, நீங்க வெளிய இருங்க. பதில எடுத்துக் குடுத்துடுவீங்க." கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அம்மா, உங்க பொண்ணு பேரு?"

வளவன் மனம் நோகுமென்று வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் அது. காசியம்மாள் மருமகனைப் பார்த்தாள். உதடு துடித்து மூடிக்கொண்டது.

இப்போதும் பேசாவிட்டால் எல்லாம் போச்சு.

"சொல்லுங்க அத்த. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"க... கவி... நெலா." மூச்சு வாங்கியது. "எங்க மாப்ள... பொண்டாட்டி."

"போதும்!" டாக்டர் நிமிர்ந்தார். "ஆம்புலன்ஸ் சொல்லுங்க. கூட்டம் ரோட்டை முழுசா அடைக்கறதுக்குள்ள சென்னைக்குக் கிளம்பணும்."

வளவன் பாய்ந்து வெளியே வந்தான். ஆதிமூலம் சட்டையைப் பிடித்தார். "சொல்லிட்டாளா? எம் பேரையா?"

"இல்ல மாமா. கவிநிலா."

சொன்ன பிறகுதான் தன் வாயிலும் அது வந்துவிட்டது உறைத்தது. படியிறங்கி ஓடும்போது இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான்.