நாலு புருவம்

அண்ணன் தன் கிட்னியில் ஒன்றைக் கொடுத்து என்னைப் பிழைக்க வைத்தான். அதற்குப் பிறகு எனக்கு வாயே இருக்கக்கூடாது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

பார்லரில் நூல் போட்டுப் புருவம் திருத்துவது என் வேலை. ஆபரேஷன் முடிந்து திரும்பிப் போன அன்றே, நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணுக்கு நாலு புருவம் தெரிந்தது. எந்த இரண்டைத் திருத்துவது? நூலைப் பல்லில் கடித்தபடி நின்றேன். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முதலாளியம்மா என்னைக் கைத்தாங்கலாக உட்காரவைத்து, "சரியானதும் வாம்மா" என்றாள். அந்தப் பரிதாபத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணியிடம் சொன்னேன். "உயிரோட இருக்கியே, அது போதாதா? உங்கண்ணன் காதுல விழுந்தா மனசு ஒடிஞ்சிடும்" என்றாள். வாயை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தேன். ஆஸ்பத்திரியில் வாசலிலிருந்தே வீல்சேர். உட்கார்ந்தபடியே டாக்டரிடம் "நல்லா இருக்கேன்" என்பேன். நான் நடந்து அவர் பார்த்ததே இல்லை.

எல்லாம் இரட்டையாகத் தெரிவது மாத்திரையால்தானோ, அதை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் காப்பதே அதுதான். விட்டால் அண்ணன் கொடுத்தது வீண், விடாவிட்டால் என் பிழைப்பு வீண். இப்படியெல்லாம் யோசிக்கிறேனே என்று எனக்கே பயம் வந்தது.

இந்த முறை வீல்சேர் வேண்டாம் என்றேன். அண்ணன் கையையும் உதறினேன். டாக்டர் அறைக்கு இரண்டு வாசல் தெரிந்தது. இல்லாத வாசலில் நுழையப் போய்த் தோளை நன்றாக இடித்துக்கொண்டேன்.

"பாத்தீங்கல்ல டாக்டர்? இப்படித்தான் நடக்கறேன். நீங்களும் ரெண்டு பேரா தெரியறீங்க. ரெண்டு பேருமே கேட்டுக்கங்க, நான் நல்லா இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா முன்னாடியே சொல்லல? மருந்து ரத்தத்துல அதிகமா ஏறியிருக்கலாம். இன்னைக்கே டெஸ்ட் எடுப்போம், கண் டாக்டரும் பாக்கட்டும். நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க."

"மறுபடி வேலைக்குப் போவேனா?"

"அளவைக் குறைச்சுப் பாப்போம். சரியாகலன்னா வேற மருந்து இருக்கு."

பின்னால் நின்ற அண்ணன் வெடித்தான். "நீ வாயை மூடிக்கிட்டு எங்கயாவது விழுந்து சாகறதுக்கா நான் கிட்னி குடுத்தேன்?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

"இங்க கத்தி என்னண்ணே பிரயோஜனம்? வீட்டுக்குப் போய் அண்ணி முன்னாடி இதே சத்தத்துல கத்து."