லைட்டைப் போடு

எங்கள் தெருவில் என் தலைவலிக்குக் காரணம் தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை. கண்ணூறு பட்டிருக்கிறது என்றார்கள் ஒரு வீட்டில். மொபைல் என்றார்கள் அடுத்த வீட்டில், மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமலே. கணக்கு மிஸ்ஸுக்கு இது பரீட்சை பயம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தலைகூடப் பொய் சொல்லும் என்று அவருக்கு எண்ணம்.

இத்தனை மேதாவிகளையும் தாண்டித்தான் உம்மா என்னைத் தூத்துக்குடிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். இது ஒற்றைத் தலைவலி என்றார் அவர். பட்டினி கிடக்கக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது. வலி தொடங்கியதுமே மாத்திரை, தண்ணீர், பிறகு இருட்டறையில் தூக்கம். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் காயல்பட்டினத்தில் ஒருத்தி பகலில் படுத்துக் கிடந்தால் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பார்கள்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு என் வலது கண்ணோரம் ஒளிக்கோடு நெளிந்தது. மாத்திரையைப் போட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன். அந்த நேரம் பார்த்து குவைத்திலிருந்து வாப்பாவின் வீடியோ கால். உம்மா போனோடு உள்ளே வந்தார்.

"நஜ்லாக்குத் தல வலிக்கிங்கா. படுத்திருக்கா."

"என்ன பெரிய தலவலி? லைட்டப் போடு. மொகத்தப் பாக்கணும்."

வாப்பாவுக்குக் கண்ணால் பார்த்தால்தான் எதுவும் உண்மை. உம்மா போட்டார். வெளிச்சம் மண்டைக்குள் இறங்கியது. தலையணையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அணைக்கச் சொல்லுங்க வாப்பா. வெளிச்சம் ஆவாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க."

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க. தலையணையத் தூக்கு."

தூக்கினேன். எழுந்து உட்கார்ந்து, போனுக்கு நேராக வாந்தி எடுத்தேன். பார்க்கணும் என்றாரே, பார்க்கட்டும்.

உம்மா அலறிக்கொண்டு முந்தானையால் போனைத் துடைத்தார். வாப்பா ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று காத்திருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? எனக்கும் மாசாமாசம் இப்படித்தான் வருது. கண்ணுல மின்னும், வாந்தி வரும். நான் ஆருக்கிட்டயாவது சொன்னேனா? கடையில நிக்கத்தானே செய்யுதேன்?"

இதைப் பெருமையாகவே சொன்னார். சொல்லாமல் கிடந்ததற்கு மெடல் குத்துவார்கள் என்று நினைப்பு. உம்மா போனையே வெறித்துப் பார்த்தார். அவருக்கும் இது புதுச் செய்தி. எனக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த வலி என்னவென்று தெரிந்த ஒரே ஆள்தான் என் முகத்தில் லைட்டைப் போடச் சொன்னவர்.

"அப்ப நீங்களும் லைட்ட அணைச்சுட்டுப் படுக்க வேண்டியதுதானே, வாப்பா?" என்றேன், குத்தலாகவே.

வாப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ரூம்ல ஆறு பேரு இருக்கோம்மா," என்றார் மெதுவாக. "எனக்காவ ஆரு அணைப்பா?"