சுவர் காய்ந்த ஒரு மாதம்

எங்கள் வீட்டை வீடு என்று நான் ஒருத்திதான் சொல்வேன். மற்றவர்களுக்கு அது கண்டக்டர் வீட்டுக் கிடங்கு. தேவிகுளத்துக்குக் கீழே சரிவில் இருந்த அந்த எஸ்டேட்டில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டருக்கு மேலே வீடு; அதன் அடியில் மலையைக் குடைந்து விறகு போட ஓர் அறை. மூன்று பக்கம் மண், ஒரு பக்கம் கதவு. என் வீட்டுக்காரர் சுவக்கீனுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. பேர் பதியாத ஆளுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு கிடையாது. விறகை ஓரமாகத் தள்ளிவிட்டு இருந்துகொள்ளுங்கள் என்று கண்டக்டர் சொன்னபோது இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அது எழுபத்துநான்காம் வருஷத்துக் கோடை.

ஜூனில் இடவப்பாதி மழை வந்ததும்தான் அந்தக் கும்பிடு கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது. பின்சுவர் பூராவும் தண்ணீர் கசிந்தது. அடுப்பு அணைந்தது, பாய் ஊறியது, அரிசி பூசணம் பூத்தது. கைக்குழந்தையாக இருந்த எங்கள் ஞானஜோதிக்கு ஆடி பிறப்பதற்குள் இளைப்பு வந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது அவள் விலாவெலும்பை எண்ணிவிடலாம். பிள்ளையை ஈரமில்லாத இடத்தில் வைத்துக்கொள் என்று டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் புத்தி சொன்னார். அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறதென்றும் சொல்லியிருந்தால் அவருக்குப் புண்ணியமாகப் போயிருக்கும்.

இரண்டு மழைக்காலம் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினேன். சிமெண்டு கேட்டு வாங்கிப் பூசினேன். ஒரு சாண் தள்ளி ஒழுகியது. தார் பூசினேன், தாரே உரிந்து விழுந்தது. கந்தல் துணியை ஓட்டையில் திணித்தேன். மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் ஒழுக்கு நிற்காததைப் பார்த்துவிட்டுச் சுவக்கீனிடம் காரணம் கேட்டேன். அவர் சாவகாசமாக, தண்ணீர் கூரையிலிருந்து வரவில்லை, மலைக்குள்ளிருந்து வருகிறது, உள்ளே என்ன பூசினாலும் நிற்காது என்றார். இரண்டு வருஷமாக நான் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன்.

அவருக்கு வேலையே கான் வெட்டுவதுதான். மழைத்தண்ணீர் தேயிலை வேரில் நின்று அழுக வைக்காமல், செடிக்கு மேலே மலைக்குக் குறுக்காக வாய்க்கால் வெட்டி ஓடைக்குத் திருப்பிவிடுவார்கள். அதைத்தான் கான் என்போம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஊரான் தேயிலைக்கெல்லாம் கான் வெட்டுறீங்களே, ஒங்க பிள்ளைக்கு ஒண்ணு வெட்டப்படாதா?" என்றேன்.

வெட்ட வேண்டிய இடம் கண்டக்டர் வீட்டுக் கொல்லை; அதுதான் சுவக்கீனுக்குப் பயம். நானே மேலே போய்க் கண்டக்டர் சம்சாரம் இன்பமேரி அக்காவிடம் பேசினேன். உங்கள் அடுப்படி ஓதமும் போகும், முட்டைக்கோஸ் பாத்தியைத் திரும்பப் போட்டுத் தருகிறோம் என்றேன். அக்கா சரி என்றுவிட்டாள்.

எழுபத்தாறாம் வருஷம் மே மாதத்தில் மூன்று ஞாயிறு, பூசை முடிந்து வந்து வெட்டினோம். மஞ்சள் களிமண் தட்டும்வரை இடுப்பளவு ஆழம். அடியில் கருங்கல் சில்லை நிரப்பி, மேலே மண் மூடி, கோஸ் நட்டோம். வாட்டம் பார்த்து ஓடையில் கொண்டுபோய் விட்டார் சுவக்கீன். அவர் இவ்வளவு பெரிய வேலைக்காரர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூனில் மழை கொட்டியது. சுவர் நனையவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் சுவரைத் தடவிப் பார்ப்பேன். கையில் சுண்ணாம்புத் தூள்தான் ஒட்டும். ஜோதி இழுக்காமல் தூங்கினாள். நான் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பானேன்.

ஜூலையில் ஒருநாள் மத்தியானம் கண்டக்டர் கீழே இறங்கி வந்தார். இரண்டு வருஷத்தில் அவர் எங்கள் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. சுவரைத் தட்டினார், தரையைக் குனிந்து பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிருக்கே. உர ஸ்டோர் ஒழுகுது சுவக்கீன். மூட்டையை இங்க எறக்கணும். ஒரு வாரத்துல ஒழிச்சுக் குடுத்துரு."

சுவக்கீன், "சரிங்கய்யா" என்றார். வேறென்ன சொல்வார்? மலையை விட்டு இறங்கினால் வேலை இல்லை. வேலையில் இருந்தால் தங்க இடம் இல்லை. லயத்தில் யார் வீட்டிலாவது ஒண்டலாம் என்று நாலைந்து கதவு தட்டினேன். ஓர் அறையில் எட்டுப் பேர் இருக்கிற இடத்தில் அவர்களும் என்ன செய்வார்கள்?

மூன்றாம் நாள் கண்டக்டர் தேயிலை மலைக்குப் போயிருந்தார். இன்பமேரி அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். நான் மம்பட்டியோடு கொல்லைக்குப் போய், கான் ஓடையில் விழும் வாயில் களியைச் சாக்கில் கட்டித் திணித்து மிதித்தேன். மிதிக்க மிதிக்க அழுகை வந்தது. ஒன்றரை நாளில் பின்சுவர் கசியத் தொடங்கியது.

கண்டக்டர் வந்து சுவரில் கை வைத்தார். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். நீ வெட்டின கான் ஒரு மழைக்காலத்துக்குக்கூடத் தாங்கவில்லையே என்று சுவக்கீனைக் கேலி செய்துவிட்டு, வாசலில் காத்திருந்த உர மூட்டை ஆட்களைத் திருப்பி அனுப்பினார். சுவக்கீன் தலையைக் குனிந்தபடி நின்றார். கண்டக்டர் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எந்த எடத்துல அடைச்ச?"

மறைத்துப் பயனில்லை. "ஓடை வாயில" என்றேன்.

அடிப்பாரோ என்று நினைத்தேன். அவர் மூலையில் இருந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டார்.

"அங்க முழுசா அடைச்சா அவுக அடுப்படிக்கும் ஏறிரும். ஆள விட்டுத் தோண்டிப் பாப்பாக. பாதிதான் அடைக்கணும் புள்ள. கொஞ்சம் போவட்டும், கொஞ்சம் இங்க ஊறட்டும்."

சொல்லிவிட்டு மழையில் மேலே ஏறிப் போனார். சாயங்காலமே ஜோதிக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. அவளைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே பின்சுவரைப் பார்த்தேன். சுவர் எங்கேயாவது காய்ந்திருக்கிறதா என்று தேடினேன். ஒரு மூலை காய்ந்திருந்தது. செம்பில் தண்ணீர் மொண்டு அங்கேயும் ஊற்றினேன்.