வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்

கோட்டை ஒன்று விலைக்கு வந்திருக்கும் விளம்பரத்தை வசந்தமலர் போனில் பார்த்தபோது, லண்டன் ஹரோவில் யாருடைய கலியாணத்துக்கோ மணவறை சோடித்துக்கொண்டிருந்தாள். நோர்மண்டியில் முந்நூறு வருடத்துக் கோட்டை. பிரெஞ்சுக்காரர் 'சத்தோ' என்பார்கள். கூரை ஒழுகுகிறது, ஒரு பக்கச் சுவர் வெடித்திருக்கிறது, திருத்த நிறைய வேலை உண்டு என்று விளம்பரமே ஒளிக்காமல் சொன்னது. அவளுக்கு ஒழுக்கும் தெரியவில்லை, வெடிப்பும் தெரியவில்லை. அந்த அகலப் படிகளில் மாப்பிள்ளை ஏறி வருவதுதான் தெரிந்தது. ஊரார் மண்டபங்களைச் சோடித்தே காலம் போன மனுஷிக்குத் தன்னுடையதென்று ஒரு மண்டபத்தில் ஆசை வந்தால், அது குற்றமா என்ன?

ஆசை அவளிடம் இருந்தது, காசு தவராசாவிடம் இருந்தது. தவராசா அவளுடைய கணவர் பாலேந்திராவின் தமையன். ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்துப் பெருத்தவர். அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கடைசியில் மூன்று பேருமாகக் காரில் கப்பலேறிப் போனார்கள்.

கோட்டைக்காரர் மிசியூ றெமோன், மனைவி காலமான பிறகு தனியாக இருந்தார். அத்தனை அறைகள் இருந்தும் மனுஷனின் சீவியம் முழுக்க அடுப்பெரியும் குசினிக்குள்தான். மற்ற அறைகளில் ஒழுக்குக்கு வாளிகள் இருந்தன. இன்னொரு மாரியை இதற்குள் தாங்க ஏலாது, விற்றுவிட்டுத் தங்கையின் வீட்டுக்குப் போகப்போகிறேன் என்றார். வசந்தமலர் பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்புக்காக லண்டனுக்கு வரமுன் பாரிசில் இருந்தவள், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. மணவறைப் படங்களை அவருக்குக் காட்டி, பொம்பிளை மாப்பிள்ளை இருக்கும் மணைப்பலகையைக்கூட விளங்கப்படுத்தினாள். மனுஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த வீட்டில் மறுபடியும் கலியாணமா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

எல்லாம் சரி. பெரிய வாசலுக்கு நேரே ஒரு வால்நட் மரம் நின்றது. தவராசா அதைப் பார்த்த மாத்திரத்தில் படியிலேயே நின்றுவிட்டார்.

"வாசலுக்கு நேரே மரம் நிக்கிறது குத்து, வீட்டுக்குக் கூடாது, பிள்ளை. இஞ்ச ஆர் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வருவினம்? மரம் போனால் வாங்குவம் எண்டு அந்தாளிட்டச் சொல்லு."

அவள் சொன்னாள். றெமோன் மரத்தை வெகுநேரம் பார்த்தார். கலியாணம் முடித்த வருடம் என் மனைவி நட்டது என்றார். அதை மட்டும் வசந்தமலர் தவராசாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரம் குழம்பிவிடும் என்ற பயம்தான்.

"மரம் இல்லாவிட்டால் நிச்சயம் வாங்குவீர்களா, மதாம்?"

"நிச்சயம்" என்றாள். தவராசாவும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார்.

ஆட்டின தலை இரண்டு கிழமைகூட ஒரு பக்கம் நிற்கவில்லை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஹரோ வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்.

"வால்தம்ஸ்டோவில ஒரு பழைய தியேட்டர் விலைக்கு வருது. மண்டபத்துக்கு அதுவே காணும். கடல் தாண்டிப் போய் ஆர் கலியாணம் செய்யப்போகினம்? சத்தோவை விடுவம்."

வசந்தமலர் விடவில்லை. கெஞ்சிப் பார்த்தாள். அசைந்தால்தானே?

"மரத்தை வெட்டச் சொன்னனாங்கள், அத்தான்."

"வெட்டமுந்திச் சொல்லிப்போடு. அவ்வளவுதானே."

அவ்வளவுதான். ஒரு போன். விடிந்ததும் தலை முழுகி, சாமி விளக்கை ஏற்றிவிட்டு அவள் போனைக் கையில் எடுத்தாள்.

"ஆருக்கு?" என்றார் பாலேந்திரா.

"மிசியூவுக்கு. வாங்கேல்லை எண்டு சொல்ல."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் விளக்கையும் கொளுத்திப்போட்டு இல்லையெண்டு சொல்லப்போறியோ? நாளைக்குச் சொல்லன்."

அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமையில் அரிசி முடிந்தால், முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை. நிறைஞ்சு போச்சு என்பார்கள். இல்லை என்ற சொல்லை அன்றைக்கு வாயில் எடுத்தால் லட்சுமி படியிறங்கிவிடுவாள் என்று பயந்தவள் அவளும்தான். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தது அவளுக்கு உள்ளுக்குள் ஆறுதலாகவே இருந்தது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு. அந்த மனுஷனின் குரலைக் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிரெஞ்சுக்காரன் ஒரு தண்ணீர்க் குழாயைத் திருத்தவே மாதக்கணக்கில் இழுப்பான், இவ்வளவு பெரிய மரத்தை ஒரு நாளைக்குள்ளா தறிக்கப்போகிறான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு போனைக் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை காலை எடுத்தாள். றெமோன் உடனே எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நானே உங்களை அழைக்க இருந்தேன், மதாம். நேற்றுப் பின்னேரம் மரத்தைத் தறித்தாயிற்று. பக்கத்துத் தோட்டக்காரருக்கு நேற்றுத்தான் நேரம் கிடைத்தது. இப்போது வெயில் குசினி வரைக்கும் வருகிறது. வீடு இருட்டு, இருட்டு என்று என் மனைவி புறுபுறுப்பாள். ஆனால் ஒரு கொப்பில் கைவைக்க விடமாட்டாள்."

அவர் விடாமல் தொடர்ந்தார்.

"அடிமரத்தில் ஒரு துண்டை விறகுக்குப் போகாமல் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கலியாணங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கும் பலகைக்கு. அது எவ்வளவு அகலம் வேண்டும்? அதற்குத்தான் உங்களை அழைக்க நினைத்தேன்."

 வசந்தமலர் சொன்னாள். நாங்கள் வாங்கவில்லை, மிசியூ. என் கணவரின் அண்ணர் மனம் மாறிவிட்டார். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

 றெமோன் மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் அந்த மனுஷனுக்கு இன்னொரு பொய்யையும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"வியாழக்கிழமை."

"நேற்று மத்தியானமும் மரம் நின்றது, மதாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் அவளுக்கு நல்லாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவளிடம் அதற்குப் பிரெஞ்சு இல்லாமலில்லை. சொன்னால் தன் காதுக்கே அது எப்படிக் கேட்கும் என்று நினைத்ததும் விட்டுவிட்டாள். சொன்னதற்கு நன்றி என்று மரியாதையாக, மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு றெமோன் போனை வைத்தார்.

அவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. பாலேந்திரா என்ன, என்ன என்று கேட்டார்.  தவராசாவைத் திட்டலாம், கணவரைத் திட்டலாம். ஆனால் போன் இருந்தது தன் கையில் அல்லவா? அதை நினைக்க நினைக்க நெஞ்சு வெந்தது. சத்தோ போனது போகட்டும். வாங்கக் குடுத்துவைக்கவில்லை என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். மரத்துக்கு என்ன சொல்லி ஆற்றுவது?

அடுத்த கிழமை அவள் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, பாலேந்திரா குசினிக்குள்ளிருந்து கேட்டார்.

"மலர், அரிசி கிடக்கோ?"

அவள் திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இல்லை."

அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேர், வெள்ளிக்கிழமையும்…"

"இல்லை" என்றாள் மறுபடியும், விளக்கைப் பார்த்தபடியே. "அரிசி இல்லை."

பாலேந்திரா அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.